கடவுளை விட்டுவிட்டு மேசியா காலத்தை எதிர்பார்க்க முடியுமா? (எரிக் ஃப்ரோமை முன்வைத்து)

கரிசல்மண்

பௌத்தம் பற்றிய இழையில் ஒருவர் "கடவுள் இல்லாத மதம் சர்க்கரை போடாத அல்வா" என்று எழுதிவிட்டுப் போனார். அங்கேயே பதில் சொன்னால் அந்த இழை திசை மாறிவிடும், அதனால் தனி இழை. நான் பேச நினைப்பது யூத மரபுக்குள் இருந்தே முளைத்த, கடவுள் தேவைப்படாத ஒரு சமய உணர்வைப் பற்றி. குறிப்பாக உளப்பகுப்பாய்வாளரும் சிந்தனையாளருமான எரிக் ஃப்ரோம்.

ஃப்ரோம் 1900இல் ஃபிராங்ஃபர்ட்டில், ஆசாரமான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா, வூர்ட்ஸ்பர்க் நகரின் ரபி (யூத மதகுரு) பாம்பெர்கர், தல்மூத் (ரபிகளின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தொகுப்பு) அறிஞர். பிழைப்புக்குச் சின்னக் கடை. கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருப்பார், வாடிக்கையாளர் யாராவது உள்ளே வந்தால் "ஊரில் வேற கடையே இல்லையா?" என்று எரிச்சல்படுவாராம். ஃப்ரோம் இதை விரும்பிச் சொல்லுவார்.

1914இல் போர் வந்தபோது பையனுக்கு 14 வயது. போர் வந்துவிட்டதே என்று அவனுடைய லத்தீன் ஆசிரியர் குதூகலித்தார். இவ்வளவு பேருக்கு எப்படிப் பைத்தியம் பிடிக்கும் என்ற கேள்வி அவனை விடவில்லை. அந்த வயதில் அவன் பிடித்துக்கொண்டது ஏசாயா, ஆமோஸ், ஓசியா என்ற வேதாகமத் தீர்க்கதரிசிகளை. அவர்களுடைய மிரட்டல்களைவிட 'கடைசி நாட்கள்' பற்றிய வாக்குறுதிதான் தன்னை இழுத்தது என்று பின்னாளில் எழுதினார். 1920களின் நடுவில் ஆசாரத்தை விட்டார். ஒரு பஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் யூதப் பண்டிகை) நாளில் அவரும் மனநல மருத்துவர் ஃப்ரீடா ரைஷ்மனும் ஹைடல்பர்க் பூங்கா ஒன்றில் உட்கார்ந்து புளித்த மாவு ரொட்டியைச் சாப்பிட்டார்கள். பஸ்காவில் புளித்ததை வீட்டில்கூட வைத்திருக்கக் கூடாது என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ரொட்டித் துண்டின் கனம் புரியும்.

1950இல் எழுதிய சின்ன நூலில் அவர் சொன்னது: கடவுள் உண்டா இல்லையா என்பது இரண்டாம் கேள்வி. இந்த நம்பிக்கை மனிதனைக் குனிய வைக்கிறதா, நிமிர்த்துகிறதா என்பதே முதல் கேள்வி. குனிய வைப்பதை அதிகார மதம் என்றார், நிமிர்த்துவதை மனிதநேய மதம் என்றார். கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கால்வின் முதல் பெட்டியில். ஆதி பௌத்தம், ஏசாயா, இயேசு, சாக்ரடீஸ், ஸ்பினோசா எல்லாரும் இரண்டாவதில்.

என் கட்சி இது: இந்தப் பிரிவினையை ஃப்ரோம் மனோதத்துவத்திலிருந்து எடுக்கவில்லை, தீர்க்கதரிசிகளிடமிருந்து எடுத்தார். தீர்க்கதரிசிகளின் மேசியா காலம் (மீட்பர் வந்து நீதியும் சமாதானமும் நிலைக்கும் காலம்) செத்த பிறகு வருவதல்ல. இந்த மண்ணில், சரித்திரத்துக்குள்ளே வருவது. மீகா சொல்வதுபோல், அவனவன் தன் திராட்சைச் செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் பயமில்லாமல் உட்கார்ந்திருப்பது. எதிர்பார்ப்பு பூமியிலேயே இருந்ததால்தான் வானத்தைக் கழித்த பிறகும் அது விழவில்லை.

வெட்டிக்காடு

அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு சந்தேகம். கடவுளும் இல்லை, மறுமையும் இல்லை, ஆசாரமும் இல்லை. மிச்சம் இருப்பது நல்ல மனுஷனாக இரு என்பதுதானே? அதற்கு எதற்கு 'சமய உணர்வு' என்ற பட்டுச் சால்வை? நாத்திகன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. பழைய வீட்டைக் காலி பண்ணவும் மனசில்லை, வாடகை கொடுக்கவும் மனசில்லை என்கிற கதையாகத் தெரிகிறது.

தேனருவி

பாளையங்கோட்டையில் வேதாகமப் பள்ளிக்குப் போய் வளர்ந்தவள் என்பதால் நானும் வருகிறேன். ஏசாயா 2:4 எங்களுக்கு மனப்பாடம். "தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்." ஃப்ரோம் மாதிரி ஆட்கள் எடுத்துக்கொள்வது இந்தப் பாதியை. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? "அவர் ஜாதிகளுக்குள் நியாயந்தீர்த்து." முதலில் அவர் நியாயந்தீர்க்கிறார், அப்புறம்தான் இவர்கள் பட்டயத்தை அடிக்கிறார்கள். நீதிபதியை வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா, கரிசல் சார்?

இன்னொன்று. எங்களுக்கு மேசியா வந்துவிட்டார், திரும்பவும் வருவார். யூதர்களுக்கு இன்னும் வரவில்லை. வராத ஒருவரைப் பற்றிய நம்பிக்கையை எந்தப் பக்கமும் இழுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கரிசல்மண்

தேனருவி அக்கா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். வெட்டிக்காட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

நீதிபதி வெளியே போனது 20ஆம் நூற்றாண்டில் நடந்த விஷயம் இல்லை, அந்த மரபே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரமாக உட்கார வைத்துக்கொண்டே வந்தது என்பது 1966இல் ஃப்ரோம் எழுதிய 'தேவர்களைப்போல் இருப்பீர்கள்' நூலின் வாதம். ஏதேனில் இருப்பவர் எதேச்சாதிகாரி. நோவாவோடு உடன்படிக்கை செய்ததும் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார். ஆதியாகமம் 18க்கு வந்தால் சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசுகிறான். ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது? முப்பது? இருபது? பத்து? நடுவே ஒரு கேள்வி: சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாமல் இருப்பாரோ? இப்படிக் கேட்கிறவன் அந்த நீதிபதியையே கூண்டில் நிறுத்திவிட்டான்.

தல்மூத்தில் இது இன்னும் வெளிப்படை. அடுப்பு ஒன்று தீட்டா இல்லையா என்று ரபிகளுக்குள் சண்டை. ரபி எலியேசர் பக்கம் வானத்திலிருந்தே குரல் வருகிறது. ரபி யோசுவா எழுந்து நின்று "அது வானத்தில் இல்லை" என்று உபாகமத்தையே எடுத்துக் காட்டி மறுக்கிறார். பெரும்பான்மை ஜெயிக்கிறது. அப்போது கடவுள் என்ன செய்தார் என்று பிறகு எலியா தீர்க்கதரிசியிடம் கேட்டால், சிரித்துக்கொண்டே "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றாராம்.

பழைய மித்ராஷ் (ரபிகளின் வேத விளக்கம்) ஒன்றில் கடவுளே சொல்வதாக வருகிறது: அவர்கள் என்னைக் கைவிட்டிருந்தாலும் பரவாயில்லை, என் தோராவை (வேதச் சட்டத்தை) கடைப்பிடித்திருந்தால் போதுமே. அடுத்த வரியில், தோராவின் ஒளி அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும் என்று இருக்கிறது. ஆசாரவாதிகள் அந்த அடுத்த வரியை அழுத்திப் படிப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் முதல் வரியை எழுதும் துணிச்சல் அந்த மரபுக்கு இருந்தது என்பதே எனக்குப் போதும்.

மேசியா விஷயத்துக்கு வந்தால் தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி, 98ஆம் ஏட்டில் ஒரு கதை. ரபி யோசுவா பென் லேவி, மேசியா எங்கே என்று எலியாவிடம் கேட்கிறார். ரோமாபுரி வாசலில், நோயாளிகளான ஏழைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்று பதில். அடையாளம்? மற்றவர்கள் எல்லாப் புண்களின் கட்டுகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துக் கட்டுவார்கள். அவர் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கட்டுவார், கூப்பிட்டால் தாமதிக்காமல் எழுந்து போக வேண்டுமே! ரபி போய் "எப்போது வருவீர்கள்?" என்கிறார். "இன்று" என்கிறார் மேசியா. அன்று வரவில்லை. பொய் சொல்லிவிட்டாரே என்று ரபி குறைப்பட, எலியா வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்து வசனத்தைக் காட்டுகிறார்: இன்று, அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களானால்.

புண் துணி கட்டிக்கொண்டு தயாராக இருப்பவர் அவர். தாமதம் இந்தப் பக்கம்தான். கடவுளை நம்பிய ரபிகள் எழுதிய கதை, ஆனால் மனிதனிடம் வேலையை ஒப்படைத்த கதை.

12ஆம் நூற்றாண்டில் யூதத் தத்துவவாதியும் சட்ட அறிஞருமான மைமோனிடெஸ் இதை இன்னும் இறுக்கினார். மேசியா அற்புதம் செய்ய வேண்டியதில்லை, இயற்கை மாறாது, உலகம் தன் வழக்கப்படியே நடக்கும் என்று சட்டத் தொகுப்பிலேயே எழுதிவைத்தார். கடவுளைப் பற்றி இன்னது அல்ல, இன்னது அல்ல என்று மட்டுமே சொல்ல முடியும் என்றவரும் அவரே. ஃப்ரோம் அதற்கு அடுத்த படியை வைத்தார், அவ்வளவுதான்.

பழைய_பேப்பர்

கரிசல், கதை சொல்வதில் உங்களை அடிக்க ஆளில்லை. ஆனால் அதே மேசியா நம்பிக்கையின் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கமும் இருக்கிறது.

1665இல் காசாவைச் சேர்ந்த நாதன் என்பவர், துருக்கியின் ஸ்மிர்னா நகரத்து சப்பத்தாய் ஸ்வியை மேசியா என்று அறிவித்தார். ஏமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதர்கள் மூட்டை கட்டினார்கள். ஜெர்மனியில் வாழ்ந்த கிளுக்கெல் என்ற வியாபாரப் பெண்மணி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: புனித நாட்டுக்குப் புறப்படுவதற்காக அவருடைய மாமனார் பீப்பாய்களில் துணியும் பட்டாணியும் அவரையும் உலர்ந்த இறைச்சியும் அடைத்து ஹாம்பர்குக்கு அனுப்பிவைத்தார். பீப்பாய்கள் அங்கே வருஷக்கணக்கில் கிடந்தன. 1666 செப்டம்பரில் சுல்தானின் சபையில் மேசியா தலைப்பாகை கட்டிக்கொண்டு முஸ்லிம் ஆனார்.

இது பக்தர்களின் கதை, கடவுளற்றவர்களுக்கு என்ன சம்பந்தம் என்பீர்கள். அவர்கள் கதையும் இருக்கிறது. நியூயார்க்கில் ஐ.நா. தோட்டத்தில் ஒரு வெண்கலச் சிலை: ஒரு மனிதன் சம்மட்டியை ஓங்கி வாளைக் கொழுமுனையாக அடிக்கிறான். நம்ம ஏசாயா 2:4தான். 1959இல் அதைப் பரிசாகக் கொடுத்தது யார்? சோவியத் யூனியன். ஹங்கேரியின் எழுச்சியை அடக்க அது புடாபெஸ்ட்டுக்குள் டாங்கி விட்டு மூன்றே வருஷம் ஆகியிருந்தது. தேனருவி கேட்டது இதைத்தான். நீதிபதி இல்லாத இடத்தில் சம்மட்டி வைத்திருப்பவனே நீதிபதி ஆகிவிடுகிறான்.

மிதவாதிகளும் தப்பவில்லை. ஃப்ரோமுக்கு முன்னோடி ஹெர்மன் கோஹன், மார்பர்க் தத்துவவாதி. மேசியா என்பது ஓர் ஆள் அல்ல, மனிதகுலம் நீதியை நோக்கி முடிவில்லாமல் நடப்பதே அது என்று சொன்னவர். அதே மனிதர் 1915இல் ஜெர்மன் ஆன்மாவும் யூத ஆன்மாவும் உள்ளுக்குள் உறவு என்று எழுதினார். 1918இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி மார்த்தா 1942இல் நாஜிகளின் தெரெசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.

யூத மறைஞான வரலாற்றாய்வாளர் கெர்ஷோம் ஷோலம் 1959இல் சொன்னதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. மேசியா நம்பிக்கைக்கு யூதர்கள் விலை கொடுத்தார்கள். எதையும் முழுமையாக முடிக்காத, தள்ளிப்போட்டபடியே வாழ்கிற வாழ்க்கைதான் அந்த விலை.

மட்டுறுத்துநர்

பெரியார், சிவவாக்கியர் ஒப்பீடுகளாக வந்த ஆறு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள். இங்கே யூத மரபு மட்டும்.

மழைக்கோட்டு

இவ்வளவும் புத்தகத்துக்குள் நடக்கிற சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம், இதைச் சபையாகவே கட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஃபீலிக்ஸ் ஆட்லர், நியூயார்க்கின் பெரிய சீர்திருத்த யூதக் கோயிலான இமானுவேலின் ரபிக்கு மகன். அப்பாவின் நாற்காலிக்கு இவர்தான் வருவார் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, 1873இல் அங்கே பிரசங்கம் செய்தார், கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். நாற்காலி கிடைக்கவில்லை. 1876இல் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். கொள்கையில் ஒன்றுபட வேண்டாம், செயலில் ஒன்றுபடுவோம் என்பது அவர் வழி. இரண்டு வருஷத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச மழலையர் பள்ளி திறந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பிலும் ஆட்லர் முன்வரிசை.

அப்புறம் ஷெர்வின் வைன். 1963இல் மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு சபை தொடங்கி, வழிபாட்டு வரிகளிலிருந்து கடவுளை எடுத்துவிட்டார். 'நாத்திக ரபி' என்று பத்திரிகைகள் எழுதின. இன்று மனிதநேய யூதம் என்பது தனிப் பிரிவு.

நான் அமெரிக்காவில்தான் இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவரின் மகளுக்கு பாத் மிட்ஸ்வா (பிள்ளையைப் பெரியவளாக ஏற்கும் யூதச் சடங்கு), அப்படிப்பட்ட ஒரு சபையில். வழக்கமாகப் பிள்ளை தோரா பகுதியைப் படிக்கும். இங்கே தனக்குப் பிடித்த யூத ஆளுமை ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பல மாதம் படித்து, அவரைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பெண் நியூயார்க் தையல் தொழிலாளர் தலைவி கிளாரா லெம்லிக்கைத் தேர்ந்தெடுத்திருந்தாள். 1909இல் வேலைநிறுத்தம் செய்வோம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுந்து பேசிய அந்தம்மாதான். பேச்சு முடிந்ததும் பாட்டு, மது, ரொட்டி. பாட்டிமார்கள் இரண்டு பேர் மட்டும் வாய்க்குள்ளே பழைய ஆசீர்வாதத்தை முணுமுணுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான். எல்லாமே 'நாம் யார்' என்பதைப் பற்றி இருந்தது. 'இனி என்ன வர வேண்டும்' என்பது அந்தப் பெண்ணின் பேச்சில் மட்டும்தான் இருந்தது. ஃப்ரோம் சொல்கிற மேசியா எதிர்பார்ப்பு சபையாக மாறும்போது அடையாளமாகச் சுருங்கிவிடுகிறதோ?

கரிசல்மண்

மழைக்கோட்டு, அது நல்ல உறுத்தல். வைனுடைய சபைகளுக்கு வரலாறும் பண்பாடும் பிடிமானம், ஃப்ரோமுக்கு எதிர்காலம். இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

பழைய_பேப்பர், பீப்பாய்க் கதைக்கு நன்றி. ஷோலமை ஒதுக்க முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன ஆபத்து ஃப்ரோமுக்குத் தெரியாதது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1968இல் நம்பிக்கை பற்றி எழுதும்போது இரண்டு விதமான பொய் நம்பிக்கையைச் சொல்கிறார். ஒன்று, காலம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டி உட்காருவது. மற்றது, வர முடியாததை வலுக்கட்டாயமாக இழுத்து வருவது. ஸ்டாலினிசத்தை அவர் விட்டுவைத்ததே இல்லை. ரபிகளும் இதே எச்சரிக்கையைத்தான் செய்தார்கள். முடிவு நாளைக் கணக்குப் போடுகிறவனின் எலும்பு நொறுங்கட்டும் என்று தல்மூத்தில் சாபமே இருக்கிறது. ரபி யோகனான் பென் சக்காய் சொன்னதும் உங்களுக்குத் தெரியும்: கையில் மரக்கன்று இருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று சொன்னால், முதலில் கன்றை நட்டுவிட்டு அப்புறம் வரவேற்கப் போ. ரோமர்கள் கோயிலை எரித்ததைப் பார்த்த தலைமுறையின் ஆள் அவர்.

வெட்டிக்காடு, பட்டுச் சால்வை எதற்கு என்று கேட்டாய். ஃப்ரோமுடைய பதில் விக்கிரகம். கடவுள் என்றால் என்ன என்பதில் நம்புகிறவனும் நம்பாதவனும் ஒருநாளும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் எது கடவுள் இல்லை என்பதில் ஒத்துப்போகலாம். தேசம், கட்சி, தலைவன், சந்தை, உற்பத்தி எண்ணிக்கை இவை எதன் முன்னாலும் விழாதே. சும்மா நாத்திகன் என்று சொல்லிக்கொள்கிறவன் வானத்தில் இருப்பதை மட்டும் மறுத்துவிட்டுத் தலைவன் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றலாம். ஃப்ரோமுடைய ஆள் ஊற்ற முடியாது. அந்தச் சோவியத் சிலையைப் பற்றி பழைய_பேப்பருக்கும் தேனருவி அக்காவுக்கும் சேர்த்து இதுவே என் பதில்: அங்கே கடவுள் இல்லாமல் போனது பிரச்சினை இல்லை, விக்கிரகம் எக்கச்சக்கமாக இருந்ததுதான் பிரச்சினை.

வெட்டிக்காடு

கட்அவுட் அடி எனக்குப் பட்டது, சரி. ஆனால் இன்னும் தலைக்குள்தான் இருக்கிறது, அண்ணே. மதம் என்றால் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். காலையில் எழுந்து இந்த ஆள் என்ன செய்வான்?

கரிசல்மண்

வெள்ளி சாயங்காலம் வரட்டும், சொல்கிறேன்.

யூதர்களின் ஓய்வுநாள் (வெள்ளி சாயங்காலம் முதல் சனி இரவு வரை) சட்டத்தில் ஒரு விநோதம். வீட்டுக்குள் கனமான மேசையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தலாம். ஆனால் ஒரு கைக்குட்டையை வீட்டிலிருந்து தெருவுக்கு எடுத்துப் போகக் கூடாது. உடம்பு அலுப்புதான் பிரச்சினை என்றால் இது தலைகீழ். ஃப்ரோமின் விளக்கம் இது: அங்கே 'வேலை' என்பது மனிதன் உலகத்தைக் குலைப்பது, ஆக்கினாலும் சரி, அழித்தாலும் சரி. புல்லைக் கிள்ளாதே, தீக்குச்சி உரசாதே, பொருளைக் கைமாற்றாதே. ஒரு நாள் உலகத்தோடு சண்டை நிறுத்தம். பணம் தொடக்கூடாது. எஜமானுக்கு மட்டுமல்ல, வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் சேர்த்து. இதைத்தான் மேசியா காலத்தின் முன்ருசி என்று ரபிகள் சொன்னார்கள். இஸ்ரவேலர் இரண்டு ஓய்வுநாளை ஒழுங்காக அனுசரித்தால் உடனே மீட்பு வந்துவிடும் என்று தல்மூத் சொல்கிறது.

அந்த முன்ருசிக்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்பது ஃப்ரோம் கட்சி. வாங்காமல், விற்காமல், எதையும் சாதிக்காமல் 25 மணி நேரம் இருந்து பார். எனக்குத் தெரிந்து அதைவிடக் கடினமான பூஜை கிடையாது.

தேனருவி

ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்துக்கொண்டே இதைப் படித்தேன், வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் சேர்த்து என்ற வரியில் சிரிப்பு வந்துவிட்டது. யார் சமைக்கிறார்கள் என்று ரபிகள் யோசித்தார்களா?

மழைக்கோட்டு

யோசித்தார்கள். வெள்ளிக்கிழமையே சமைத்து இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வைத்துவிடுவார்கள். சோலெந்த் என்று பெயர். அதையும் பெண்கள்தான் செய்தார்கள் என்பது வேறு விஷயம், அக்கா.

பழைய_பேப்பர்

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். அந்த எதிர்பார்ப்பு 'மனிதகுலத்தின்' எதிர்பார்ப்பாகவா தொடங்கியது? அது ஒரு ஜனத்தின் எதிர்பார்ப்பு. சீயோனுக்குத் திரும்புவது, தாவீதின் வம்சம், சொந்த மண். ஃப்ரோம் சியோனிசத்தை (யூதர்களுக்குத் தனி நாடு கோரிய இயக்கத்தை) எதிர்த்தவர், அதனால் அந்தப் பக்கங்களைச் சத்தமில்லாமல் புரட்டிவிடுகிறார்.

கரிசல்மண்

ஆமோஸ் 9:7 பாருங்கள். இஸ்ரவேல் புத்திரரே, நீங்கள் எனக்கு எத்தியோப்பியரைப் போல அல்லவா, உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தது போலவே பெலிஸ்தரையும் சீரியரையும் கொண்டுவரவில்லையா என்று கடவுள் கேட்கிறார். ஜென்ம விரோதிகளான பெலிஸ்தருக்கும் ஒரு யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) உண்டு என்று கி.மு. 8ஆம் நூற்றாண்டிலேயே ஒருவன் சொல்லியாகிவிட்டது. ஃப்ரோம் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

பழைய_பேப்பர்

அதே அதிகாரம், எட்டு வசனம் தள்ளி, 9:15. அவர்களை அவர்கள் தேசத்தில் நாட்டுவேன், இனி ஒருபோதும் பிடுங்கப்பட மாட்டார்கள்.

கரிசல்மண்

தெரியும். 9:15ஐ எடுத்தவர்கள் ஒரு நாடு கட்டினார்கள், 9:7ஐ எடுத்தவர்களுக்கு நாடு கிடையாது. கோஹன், ஃப்ரோம், ஜெர்மன் மார்க்சியத் தத்துவவாதி ஏர்ன்ஸ்ட் ப்ளோக், எல்லாரும் இரண்டாவது கூட்டம். இரண்டு வசனமும் ஒரே கையால் எழுதப்பட்டதா என்பதில் வேதாகம ஆய்வாளர்களுக்குள்ளேயே தகராறு. அதிகாரத்தின் கடைசிப் பகுதி பின்னால் சேர்ந்தது என்பவர்கள் நிறைய. ப்ளோக்கை நான் இங்கே தொடவே இல்லை. கிறிஸ்தவத்துக்குள்ளேயே நாத்திகத்தைத் தேடிய ஆள், தேனருவி அக்காவுக்கு நிச்சயம் கோபம் வரும். அடுத்த வாரம் தனி இழை போடுகிறேன்.

தேனருவி

போடுங்கள். வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டே வருகிறேன்.